முயல் சாப்பிடவில்லை, காலை வரை காத்திருக்கலாமா?
செல்லப்பிராணிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் பஞ்சுவுக்கு மூன்று வயது. நேற்று மாலையில் இருந்து எதையும் தொடவில்லை. கொத்தமல்லி என்றால் ஓடி வரும், அதைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கிறது. வயிற்றில் முடி உருண்டை அடைத்திருக்கும், அன்னாசிச் சாறு கொடுத்தால் கரைந்துவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். ஓரிரு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். பத்திரிகை அச்சாகி வருவதற்குள் நாளாகிவிடும் என்பதால் உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம், இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக.

நாய் ஒரு வேளை சாப்பிடவில்லை என்றால் அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம். முயல் கணக்கு வேறு. நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் அதன் குடல் அசையும். பத்துப் பன்னிரண்டு மணி நேரமாகத் தின்னவும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் நள்ளிரவானாலும் அது அவசரம்தான். குடல் மந்தமானதும் உள்ளே இருப்பது நீர் வற்றி இறுகும், நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து வாயு சேரும், வாயு வலியைக் கொடுக்கும், வலியால் முயல் இன்னும் தின்னாது, தின்னாததால் குடல் இன்னும் மந்தமாகும். பட்டினி நீண்டால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து அதையும் கெடுத்துவிடும். வாந்தி எடுத்து ஆற்றிக்கொள்ளவும் முயலால் முடியாது.

முடி விஷயத்துக்கு வருவோம். நாள் முழுக்கத் தன்னை நக்கிக்கொண்டிருக்கும் பிராணி அது, நல்ல ஆரோக்கியமான முயலின் வயிற்றிலும் முடி இருக்கத்தான் செய்யும், குடல் ஓடிக்கொண்டிருக்கும் வரை புழுக்கையோடு போய்விடும். பெரும்பாலும் குடல் நின்றதால்தான் முடி தேங்குகிறது, முடி தேங்கியதால் குடல் நிற்பதில்லை. அன்னாசிச் சாறு முடியைக் கரைக்காது. அதில் இருக்கும் சர்க்கரை, ஏற்கெனவே வாயு சேர்ந்த வயிற்றில் இன்னும் வாயுவைக் கூட்டும், அவ்வளவுதான்.

ஆனால் சில சமயம் இறுகிய முடிக்கட்டி ஒன்று சிறுகுடலை நிஜமாகவே அடைத்துவிடும். அப்போது வயிறு சில மணி நேரத்தில் விம்மி இறுகும், காது சில்லிடும், முயல் துவண்டுவிடும். இந்த நிலையில் வாயில் எதையும் புகட்டவே கூடாது, போக வழியில்லாத வயிற்றில் மேலும் திணித்தால் வயிறு கிழிந்துபோகவும் வாய்ப்புண்டு. சாதாரண மந்தமா அடைப்பா என்பதை எக்ஸ்ரே பார்க்காமல் உறுதியாகச் சொல்வது கடினம். அதனால்தான் கை வைத்தியம் வேண்டாம் என்று இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன்.

கிளம்பும் முன் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. முயலின் இயல்பான உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. 38க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டிய விஷயம். காது குளிர்ந்திருந்தால் வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், வேண்டாமென்றால் விலகிப் போக இடமும் விடுங்கள். வீட்டில் இருக்கும் தலைவலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். கடைசியாக எப்போது தின்றது, எப்போது புழுக்கை போட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள், கழிவுத் தட்டில் கிடக்கும் புழுக்கையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முயல்களுக்குப் பழகிய மருத்துவராக இருந்தால் முதலில் வலியைக் குறைத்து, உடம்பில் நீர் ஏற்றுவார். குடலைத் தூண்டும் மருந்து எல்லாம் அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான். ஜோடி முயல் இருந்தால் அதையும் கூடவே கூட்டிப்போங்கள், பயம் குறையும்.

கேள்வி: பின்புறத்தில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. வயிற்றுப்போக்கா? மற்றபடி நன்றாகத் தின்று ஓடியாடுகிறது.

பதில்: அநேகமாக இல்லை. முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். ஒன்று நாம் தினம் கூட்டித் தள்ளும் உருண்டைப் புழுக்கை. இன்னொன்று திராட்சைக் கொத்து மாதிரி பளபளப்பாக, மெத்தென்று, வாடையோடு வரும் மென்புழுக்கை. பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பெரிய பையில் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துத் தருவது அது. முயல் குனிந்து நேராகவே அதைத் தின்றுவிடும், வைட்டமினும் புரதமும் அப்படித்தான் கிடைக்கின்றன. (அருவருப்பாக இருக்கிறதா? முயலுக்கு இல்லை.) கடையில் வாங்கும் குச்சித் தீவனம் (பெல்லட்), பழம், பிஸ்கட் அதிகமானால் அது கூழாகி ஒட்டிக்கொள்ளும். உடம்பு பருத்தோ முதுகு வலித்தோ குனிய முடியாத முயலும் தின்னாமல் விட்டுவிடும். இனிப்பையும் தீவனத்தையும் குறைத்து உலர்புல்லைக் கூட்டுங்கள். ஒட்டியதை அன்றன்றே சுத்தம் செய்யுங்கள், வெயில் காலத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்தால் ஒரே நாளில் நிலைமை கைமீறும்.

உருண்டைப் புழுக்கையே இல்லாமல் எல்லாமே நீராகப் போனால் அது நிஜமான வயிற்றுப்போக்கு, உடனே கிளம்புங்கள்.

கேள்வி: இரண்டு மாதக் குட்டிக்கு நீராகப் போகிறது. எனக்கு எழுதித் தந்த அமாக்சிசிலின் மிச்சம் இருக்கிறது, கொஞ்சம் கரைத்துக் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகளை வாய்வழி கொடுத்தால் முயல் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சு சுரக்கும் கிருமி பெருகி, மருந்தே உயிரை எடுத்துவிடும். தாய்ப்பால் மறக்கும் வயதில் கோக்சிடியா என்ற ஒட்டுண்ணி அடிக்கடி வரும். மலப் பரிசோதனையில் தெரிந்துவிடும், அதற்கு வேறு மருந்து இருக்கிறது. குட்டி உடம்பில் நீர் வற்ற நேரமாகாது, இன்றைக்கே காட்டுங்கள்.

கேள்வி: சிரிஞ்சில் ஊட்டச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். உதைக்கிறது, துப்புகிறது, என் சட்டையெல்லாம் பச்சை. எப்படித்தான் ஊட்டுவது?

பதில்: துண்டில் சுற்றித் தலை மட்டும் வெளியே தெரியும்படி மேசைமேல் வைத்து, உங்கள் வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். மல்லாத்தாதீர்கள், புரை ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். முன்பல்லுக்குப் பின்னால் பல் இல்லாத இடைவெளி ஒன்று உண்டு, பக்கவாட்டில் அதற்குள் சிரிஞ்சு நுனியை விட்டு அரை மில்லி, மிஞ்சினால் ஒரு மில்லி மட்டும் தள்ளுங்கள். மென்று விழுங்கியதும் அடுத்தது. ஒரு நாளைக்கான அளவை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஊட்டுவதற்கு முன் வலி மருந்து கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள், உதைப்பதில் பாதி அந்த வலிதான். நடுவில் வயிறு இறுகினால் நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதே கதை. மருந்து கொடுத்தால் சரியாகிறது, அப்புறம் குடல் மறுபடி நின்றுவிடுகிறது.

பதில்: அப்படியானால் குடலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். குடல் நிற்பது பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கும் கோளாறின் விளைவு. முதலில் உணவு: தட்டில் முக்கால் பங்குக்கு மேல் உலர்புல் இருக்க வேண்டும், தீவனம் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராமைத் தாண்டக் கூடாது. நெல் வைக்கோல் உலர்புல்லுக்கு ஈடாகாது. தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் கூடுதலாகக் குடிக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் திரும்பத் திரும்ப வந்தால் என் சந்தேகம் கடைவாய்ப் பற்கள்மேல். முயலுக்கு எல்லாப் பல்லும் ஆயுள் முழுக்க வளரும், தேய்மானம் சரியில்லாவிட்டால் ஓரம் முள்ளாக நீண்டு நாக்கையும் கன்னத்தையும் குத்தும். புல்லை எடுத்து வாயில் வைத்துவிட்டுக் கீழே போடுகிறதா, மோவாய் ஈரமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். முன்பல் அழகாக இருக்கிறது என்பது சாட்சி ஆகாது, உள்ளே முழுதாகப் பார்க்கப் பல நேரம் மயக்க மருந்து வேண்டியிருக்கும். அதற்கு முன் பட்டினி போட்டு அழைத்துவரச் சொன்னால், முயலுக்கும் அது தேவையா என்று மறுபடி கேளுங்கள். வாந்தி எடுக்காத பிராணிக்கு அந்தப் பட்டினி வேண்டாம், மருத்துவமனையில் காத்திருக்கும்போது தின்ன அது பழகிய புல்லையே கொஞ்சம் பையில் எடுத்துப் போங்கள்.