எட்டு வருடம் கிடந்த ஸ்கீ படகு: மூவாயிரம் டாலர் கொடுக்கலாமா?

கேள்வி: அண்ணா, என்னோடு வேலை செய்பவரின் கொட்டேஜில் 1986ஆம் ஆண்டு ஸ்கீ நாட்டிக் 2001 படகு ஒன்று எட்டு வருடமாக டிரெய்லரிலேயே நிற்கிறது. மேலே கட்டிய தார்ப்பாய் கிழிந்து உள்ளே மழைத்தண்ணீர். இருக்கைகள் பிய்ந்து, நிறமும் வெளுத்துவிட்டது. மூவாயிரம் டாலர் கேட்கிறார். பிள்ளைகள் இருவருக்கும் தண்ணீர்ச் சறுக்கில் ஆசை. மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார். குளிர்காலத்தில் வீட்டுக் கராஜிலேயே திருத்தி, வரும் கோடைக்கு ஏரியில் இறக்க முடியுமா? நிறத்திலிருந்து தொடங்கலாமா?
– வாசகர், மார்க்கம், ஒன்ராறியோ

பதில்: தம்பி, வெளுத்த நிறத்தையும் பிய்ந்த இருக்கையையும் மறந்துவிடுங்கள். அவை சனிக்கிழமை வேலை. நீங்கள் எழுதியதில் என்னைப் பயமுறுத்தியது உள்ளே நின்ற மழைத்தண்ணீர்தான்.

அந்தக் காலத்து ஸ்கீ படகுகள் பலவற்றில் தரைக்கு அடியில், அணியத்திலிருந்து பின்பக்கம் வரை நீளச் சட்டங்கள் ஓடும். ஸ்ட்ரிங்கர் என்பார்கள். உள்ளே மரம், மேலே ஃபைபர்கிளாஸ் போர்வை. நடுவில் உட்கார்ந்திருக்கும் வி8 என்ஜினின் முழுப் பாரமும் இந்தச் சட்டங்களில்தான். ஏதாவது ஒரு திருகாணி ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்தால் வெளியேற வழியில்லை. வெளியே பளபளவென்று இருக்க, உள்ளே மரம் உளுத்துப் போகும்.

இது நான் வயிறெரிந்து கற்ற பாடம். நான் முதலில் வாங்கிய பழைய படகுக்குப் போலிஷ் போட்டேன், இருக்கைகளுக்குப் புது வைனில் தைத்தேன். ஏரியில் இறக்கி வேகம் எடுத்தால் என்ஜின் கிடுகிடுவென ஆடியது. தரையை வெட்டிப் பார்த்தேன். மரம் நனைந்த பிட்டு மாதிரி கையோடு வந்தது. புது இருக்கைகளைக் கழற்றி இரண்டு வருடம் கராஜில் அடுக்கி வைத்திருந்தேன்.

அதனால் போகும்போது காசை வீட்டில் வைத்துவிட்டு ஒரு ஸ்பானர் கொண்டு போங்கள். என்ஜினின் கால்களைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் பெரிய திருகாணிகளை மெல்ல இறுக்கிப் பாருங்கள். கெட்டியாக நின்றால் நல்ல சகுனம். பிடியே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் மரம் செத்துவிட்டது. வெறுங்காலோடு தரையில் நடந்து, எங்காவது அமுங்குகிறதா என்றும் பாருங்கள். சொந்தக்காரர் சம்மதித்தால் சட்டத்தின் அடிப்பகுதியில் சின்னதாக ஒரு துளை போடலாம். வெளிறிய காய்ந்த தூள் வந்தால் மகிழ்ச்சி, கறுத்த சேறு வந்தால் விலை பேச வேண்டியது டிரெய்லருக்கும் என்ஜினுக்கும் மட்டும்தான். துளையை எபாக்ஸிப் பசையால் அடைக்க மறக்காதீர்கள்.

அடுத்தது என்ஜின். இந்தப் படகுகளைக் குளிர்விப்பது ஏரித் தண்ணீர். ஒரே ஓர் இலையுதிர்காலம் அதை வடிக்காமல் விட்டிருந்தாலும் நம் ஊர்க் குளிரில் அது உறைந்து விரிந்து இரும்பு பிளாக்கையே வெடிக்க வைத்துவிடும். ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறம் இருந்தால் ஓடி வந்துவிடுங்கள். பிளாக்கின் பக்கவாட்டில், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே, துருக்கோடு இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துத் தேடுங்கள்.

உடனே சாவியைத் திருப்பாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டு, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பழைய பெட்ரோலை வடித்து, எரிபொருள் குழாய்களையும் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லரையும் மாற்றிய பிறகு, ஹோஸால் தண்ணீர் கொடுத்துத்தான் ஓட்டிப் பார்க்கலாம். தண்ணீர் இல்லாமல் ஓடினால் புது இம்பெல்லரும் சீக்கிரமே கருகும்.

உள்ளே இருப்பது ஃபோர்டின் 351 என்ஜின் என்பதால் கார் கடையில் மலிவாக ஸ்டார்ட்டர், கார்புரேட்டர் வாங்கலாமே என்று ஒரு நண்பர் கட்டாயம் சொல்வார். கேட்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் போய்த் தேங்கும். படகுக்கான பாகங்கள் தீப்பொறி வெளியே வராதபடி செய்யப்பட்டவை, கார் பாகங்கள் அப்படியல்ல. இதே காரணத்தால்தான் என்ஜினைக் கிளப்பும் முன் நான்கு நிமிடமாவது, தேங்கிய ஆவியை வெளியே தள்ளும் புளோயர் விசிறியை ஓடவிடச் சொல்கிறார்கள். இன்னொன்று, அக்காலத்து ஸ்கீ படகு என்ஜின்கள் பல காருக்கு எதிர்த்திசையில் சுற்றுபவை. பாக இலக்கத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சரி, வரும் கோடைக்குள் முடியுமா? சட்டங்கள் நன்றாக இருந்தால் முடியும். உளுத்திருந்தால் முடியாது, காரணம் உங்கள் கராஜ். புதுச் சட்டத்தின் மேல் ஃபைபர்கிளாஸை ஒட்டும் ரெசின் என்ற பிசின் இறுகச் சூடு வேண்டும். சூடேற்றாத கராஜில் ஜனவரியில் பூசினால் பிசுபிசுப்பாகவே நிற்கும். வீட்டோடு ஒட்டிய கராஜில் பாலியெஸ்டர் ரெசின் கலந்தால் நாற்றம் படுக்கையறை வரை வரும், அப்புறம் மனைவி சொன்னதுதான் நடக்கும். அதனால் குளிர்காலத்தில் என்ஜின், இருக்கை வேலை. ஃபைபர் வேலை வெயில் வந்தபின் வெளியில், முகமூடியோடு. எல்லாச் சட்டங்களையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிடாதீர்கள், படகின் அடிவயிறு வளைந்துவிடும். கீழே நன்றாக முட்டுக்கொடுத்து ஒவ்வொன்றாக மாற்றுங்கள். என்ஜினைத் தூக்கும் முன் அதன் இடத்தையும் உயரத்தையும் அளந்து எழுதி வையுங்கள். இதைச் செய்யாதவர்கள் பின்னால், என்ஜினையும் புரொப்பெல்லரையும் இணைக்கும் ஷாஃப்ட்டை நேராக்க வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள்.

டிரெய்லரின் பேரிங், டயர் எல்லாவற்றையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். 401 நெடுஞ்சாலையில் சக்கரம் கழன்றால் ஏரி வரை போகவே வேண்டியதில்லை. படகின் உரிமப் பத்திரமும் விற்ற ரசீதும் கையில் வராமல் காசு கொடுக்காதீர்கள். ஓட்டுபவருக்குப் படகு ஓட்டும் தகுதிக்கான இயக்குநர் அட்டையும் வேண்டும்.

அப்புறம், சறுக்குபவரைப் பார்த்துக்கொள்ள ஓட்டுநரைத் தவிர இன்னொருவர் படகில் இருக்க வேண்டும் என்பது கனடாச் சட்டம். மனைவியை இப்போதே சமாதானப்படுத்தி வையுங்கள், அந்த இருக்கை அவருக்குத்தான்.