1619 திட்டத்தை வரலாற்றாசிரியர்கள் சிலர் ஏன் எதிர்த்தார்கள்?

ஆப்பிரிக்க அடிமைகள் வர்ஜீனியாவுக்கு முதன்முதலாகக் கொண்டுவரப்பட்ட ஆண்டு 1619. அமெரிக்க வரலாற்றை அடிமை முறையை மையமாக வைத்துச் சொல்லும் கட்டுரைத் தொகுப்புதான் 1619 திட்டம். அடிமை முறை முக்கியமில்லை என்று எதிர்த்தவர்கள் சொல்லவே இல்லை. 2019 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட அந்தத் திட்டத்தில், அடிமை முறையைக் காப்பாற்ற நினைத்ததும் அமெரிக்கர்கள் பிரிட்டனிடமிருந்து சுதந்திரம் கோரியதற்கு ஒரு முதன்மைக் காரணம் என்றிருந்தது. கார்டன் வுட், ஷான் விலென்ட்ஸ் உள்ளிட்ட வரலாற்றாசிரியர்கள் ஐவர் டிசம்பரில் அதை மறுத்துக் கடிதம் எழுதினார்கள்.

திட்டத்தின் வாதத்துக்குச் சான்றாகக் காட்டப்படுவது ஓர் அறிவிப்பு: கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தால் விடுதலை என்று வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் அறிவித்தது 1775 நவம்பரில். தெற்கில் அது கோபத்தைக் கிளப்பியது உண்மைதான். ஆனால் சுதந்திரப் போர் அந்த ஏப்ரலிலேயே மாசசூசெட்ஸில் தொடங்கிவிட்டதே! 2020 மார்ச்சில் பத்திரிகை அந்த வாக்கியத்தை, அமெரிக்கர்கள் 'சிலருக்கு' அது ஒரு முதன்மைக் காரணம் என்று திருத்தியது. அவசியமான திருத்தம்.

அப்புறம், லெஸ்லி ஹாரிஸ் சொன்னதைக் கட்டாயம் கவனியுங்கள். வெளியாகும் முன்பே அந்த வாக்கியத்தை எதிர்த்த வரலாற்றாசிரியர் அவர். வுட், விலென்ட்ஸ் நூல்களில் கறுப்பினத்தவருக்குப் போதிய இடமில்லை என்று விமர்சித்ததும் அவரே.