மூடிய புத்தகமும் ஆயாவின் கேள்வியும்

கேள்வி: நான் இளங்கலைத் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டு வளவில் அமர்ந்து பாடக் குறிப்பை ஐந்தாறு தடவை அடிக்கோடிட்டு வாசிக்கிறேன். வாசித்து முடித்த கையோடு எல்லாம் தெரிந்தது போலிருக்கிறது. தேர்வன்று பாதிகூட நினைவுக்கு வருவதில்லை. என் ஆயாவோ (பாட்டி), ‘புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொல்லு’ என்று தினமும் படுத்துகிறார்கள். அது பழைய நெட்டுரு முறைதானே?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: இந்த வழக்கில் ஆராய்ச்சி உங்கள் ஆயாவின் பக்கம் நிற்கிறது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி, அதை 2006-இல் வெளியிட்டார்கள். ஒரு சிறு கட்டுரையைச் சிலர் இரண்டு முறை வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை வாசித்துவிட்டு, அதைப் பாராமல், நினைவில் நின்றதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் 81 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ நிலைமை தலைகீழாகி, முதல் வகையினர் 42-க்கு இறங்கிவிட, இரண்டாம் வகையினர் 56-இல் நின்றார்கள். வாசித்த கையோடு உங்களுக்கு வரும் தெம்பு அந்த ஐந்து நிமிட வெற்றிதான். தேர்வு அப்போது நடப்பதில்லையே!

அதே இருவர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. ‘மாஷுவா’ என்றால் படகு என்பது போன்ற 40 சுவாஹிலிச் சொற்களை மாணவர்கள் கற்றார்கள். ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகும் அதைத் தொடர்ந்து கேட்டுச் சோதிக்கப்பட்டவர்கள் ஒரு வாரத்துக்குப் பின் ஏறக்குறைய 80 விழுக்காடு நினைவில் வைத்திருந்தார்கள். சரியாகச் சொன்னதோடு சோதிப்பதை நிறுத்திவிட்டு, படிப்பதை மட்டும் தொடர்ந்தவர்கள் 36 விழுக்காட்டோடு நின்றார்கள். எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது எல்லாக் குழுவினரும் பாதியளவு என்றே சொல்லியிருந்தார்கள். தன் நினைவை எடைபோடுவதில் நம் மனம் அவ்வளவு நேர்மையான தராசு அல்ல.

இனி, நெட்டுரு பற்றி. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டை ஒப்பித்த பையனை, ‘முக்காலில் அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) போனால்?’ என்று குறுக்கே ஒரு கேள்வி கேட்டால், ‘அரையே அரைக்கால்’ என்று அவன் சொல்லியாக வேண்டும். வரிசையாக ஒப்பிப்பது வேறு, கேட்ட இடத்தில் எடுத்துக் கொடுப்பது வேறு. பொருளை யோசித்துப் பார்த்த சொல், அதன் எழுத்து வடிவத்தை மட்டும் கவனித்த சொல்லைவிட நன்றாக நினைவில் நிற்கும் என்று கிரெய்க், டல்விங் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1975-லேயே காட்டியிருக்கிறார்கள். ஆகவே ‘மால்வேசி’ என்ற தாவரக் குடும்பத்தின் பெயரை நூறு தடவை உருப்போடுவதைவிட, வெண்டையும் பருத்தியும் செம்பருத்தியும் ஏன் ஒரே குடும்பம் என்று கேட்டு, மகரந்தத் தாள்கள் ஒன்றாகக் கூடிக் குழாய்போல் நிற்பதை ஒரு செம்பருத்திப் பூவைப் பிய்த்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்று மாலை குறிப்பேட்டை ஆயாவின் கையில் கொடுத்துவிடுங்கள்; அவர்களுக்குத் தாவரவியல் தெரியாவிட்டாலும் தலைப்பை வாசித்துக் கேட்கத் தெரியும். தடுமாறிய இடத்தை உடனே திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிழையே பதிந்துவிடும். அதே தலைப்பை மூன்று நாள் விட்டு மறுபடி கேட்கச் சொல்லுங்கள்.