18 முடிகிற பெண்ணுக்கு

கேள்வி: அடுத்த மாதம் என் மகளுக்கு 18 வயது முடிகிறது. “கேக்கெல்லாம் வேண்டாம்மா, முன்பின் தெரியாத நாலு பேருக்கு ஏதாவது செய்யலாம்” என்கிறாள். 2,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும். குழந்தைகள் இல்லத்தில் ஒருவேளைச் சாப்பாடு போடலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். சாப்பாடு தாராளமாகப் போடுங்கள். ஆனால் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டு, வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்கே பரிமாறச் சொல்லிவிடுங்கள். நான் நர்ஸாக இருந்தபோது மருத்துவ முகாமுக்காக ஓர் இல்லத்துக்குப் போயிருந்தேன். பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்களுக்காக, ஆறு மணிக்கே பிள்ளைகளுக்கு முகம் கழுவி, பவுடர் பூசி, தட்டோடு உட்கார வைத்திருந்தார்கள். கார் வந்தது எட்டரைக்கு. ஒரு சின்னப் பையன் தட்டிலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டான். அவனை எழுப்பிக் கைதட்டிப் பாடச் சொன்னார்கள். பவுடர் ஒட்டிய அந்தத் தட்டு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

18 என்றதும் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நம் நாட்டில் ரத்தம் கொடுக்கலாம் என்பதே அந்த வயதிலிருந்துதான். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். எத்தனையோ பெண் பிள்ளைகள் ஆசையாக வந்து, இந்த 12.5-இல் தட்டிப்போய் முகம் வாடித் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இப்போதே ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். குறைந்திருந்தால் டாக்டரைப் பார்த்து, உடம்பைத் தேற்றிக்கொண்டு நாலு மாதம் கழித்துக் கொடுக்கட்டும். அதுவும் பிறந்தநாள் கணக்குதான். வெறும் வயிற்றோடு போக வேண்டாம். எடுப்பது எடையைப் பொறுத்து 350 அல்லது 450 மில்லிதான், பயமில்லை.

உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரி பிரசவ வார்டையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். திடீரென்று வலி கண்டு, கட்டிய துணியோடு வந்து சேருகிறவர்கள் உண்டு. வீட்டில் இருக்கும் பழைய நூல் புடவைகளைத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, நாலாகக் கிழித்து மடியுங்கள். பச்சைக் குழந்தையைச் சுற்ற அதைவிட மெத்தென்ற துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. எத்தனை வேண்டும் என்று வார்டு நர்ஸிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

கையில் மிச்சம் இருந்தால் இரண்டு பிளாஸ்க் வாங்கி, அங்கே காத்திருக்கிறவர்களிடம் கொடுக்கலாம். வெந்நீருக்காக நடுராத்திரியில் ரோட்டைத் தாண்டி டீக்கடைக்கு ஓடுகிற அப்பாக்களை முப்பது வருஷமாகப் பார்த்தவள் நான்.