இந்தியாவில் தாவர உயிரித் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு ஏன் இவ்வளவு வேலை குறைவு? மக்கள் எதிர்ப்பும் அரசு விதிகளும்தான் காரணமா?

பெரும்பாலும் அதுதான் காரணம். ஆனால் "ஜனங்களுக்கு அறிவியல் புரியவில்லை, அதனால் எதிர்க்கிறார்கள்" என்று எங்கள் துறையில் சொல்லிக்கொள்வார்களே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு விதை நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஒன்பது வருடம் இருந்தவன் நான், பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் பிடி கத்தரி, அதாவது புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த கத்தரி. குருத்தையும் காயையும் துளைக்கும் புழுவுக்காக மஹைக்கோ என்ற விதை நிறுவனம் உருவாக்கியது. 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு சம்மதம் கொடுத்துவிட்டது. அப்புறம் எதிர்ப்பு கிளம்ப, அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்களில் பொதுக் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டார். 2010 பிப்ரவரி 9 அன்று அந்த அனுமதியை நிறுத்தி வைத்தார். அதை இன்றுவரை யாரும் விலக்கவில்லை. ஒப்புதல் குழுவின் பெயரே மதிப்பீட்டுக் குழு என்று மாறிப்போனது.

அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. பாதுகாப்புச் சோதனைத் தரவுகளை நிறுவனம் தானாகக் கொடுக்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் வெளியே வந்தது. தினமும் சாம்பாரில் போடும் காய், அதைப் பற்றிய அறிக்கையை ஒளித்து வைத்தால் யார்தான் நம்புவார்கள்? ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் மேசையில் வைத்திருந்தால் அந்தக் கூட்டங்களே வேறு மாதிரி இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

எனக்கு ஆறாத வருத்தம் வேறு ஒன்று. அதே மரபணுவை கோவை வேளாண் பல்கலைக்கழகமும் தன் கோ 2, எம்.டி.யு 1, கே.கே.எம் 1, பி.எல்.ஆர் 1 ரகங்களில் ஏற்றி வைத்திருந்தது. இவை வீரிய ஒட்டு ரகம் (ஹைப்ரிட்) இல்லை, விவசாயி தானே விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். நிறுத்திவைத்ததில் இவையும் சேர்ந்து முடங்கின. பெரிய நிறுவனத்துக்குப் பருத்தி வருமானம் இருந்தது, தாங்கிக்கொண்டது. பல்கலைக்கழகத்துக்கு என்ன இருந்தது? வங்கதேசம் 2013இல் அனுமதித்து, 2014இல் முதலில் 20 விவசாயிகளுக்கு நாற்று கொடுத்தது, பிறகு அது ஆயிரக்கணக்கானவர்களிடம் போனது. இங்கே 2019இல் ஹரியானாவின் ஃபத்தேஹாபாத்தில் திருட்டுத்தனமாகப் பயிரிட்ட பிடி கத்தரியைக் கண்டுபிடித்தார்கள்.

பிடி பருத்தி வேறு கதை. 2002இல் அனுமதி கிடைத்தது, நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பரவியது. 2006இல் 450 கிராம் விதைப் பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றபோது ஆந்திர அரசு தலையிட்டு 750க்கு இறக்கியது. 2016இல் மத்திய அரசே விலையை 800 என்று கட்டி, அதில் மரபணுவை உருவாக்கிய நிறுவனத்துக்குப் போகும் கட்டணத்தை 49 ரூபாயாக வெட்டியது. 2020இல் அது பூஜ்யம். விதை விலை ஏறும்போது விவசாயி கத்துகிறார், அரசு கேட்கிறது, அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் விளைவையும் சொல்லியாக வேண்டும். களைக்கொல்லி தாங்கும் அடுத்த பருத்திக்கான விண்ணப்பத்தை 2016லேயே நிறுவனம் திரும்பப் பெற்றுவிட்டது. அந்த வகை விதை பில் இல்லாத பாக்கெட்டில் சந்தைக்கு வந்துவிட்டது, 2019இல் அகோலாவில் விவசாயிகள் பகிரங்கமாகவே விதைத்துப் போராடினார்கள். முளைக்கவில்லை என்றால் அந்த விவசாயி யாரிடம் போய்க் கேட்பார்? இதற்கிடையில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழைய மரபணுவுக்குப் பழகிவிட்டது, மாற்று எதுவும் வரவில்லை.

என் சொந்த அனுபவமும் இதே மாதிரிதான். வயல் சோதனைக்கு மத்தியக் குழு சம்மதித்தாலும் மாநிலத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். எங்கள் வெண்டைத் திட்டத்துக்கு ஒரு மாநிலத்தில் அது வரவே இல்லை. மறுக்கவும் இல்லை, கோப்பு நகரவே இல்லை, அவ்வளவுதான். விதைப்புப் பருவம் தவறினால் ஒரு வருடம் போச்சு, அப்படி மூன்று வருடம் போனது. பதினான்கு பேராக இருந்த குழுவில் கடைசியில் நாங்கள் மூன்று பேர். முடியாது என்று எழுதிக் கொடுத்திருந்தால்கூட வேறு பயிருக்குப் போயிருப்போம். உங்கள் வேலை எங்கே போனது என்று கேட்டீர்களே, இப்படிப்பட்ட கோப்புகளுக்குள்தான்.

இப்போது கொஞ்சம் வழி திறந்திருக்கிறது. வெளி மரபணு எதுவும் இல்லாமல் செடியின் சொந்த மரபணுவையே மாற்றும் மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு 2022 மார்ச்சில் அந்தக் கடுமையான விதிகளிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். 2025 மே மாதம் கமலா, பூசா டிஎஸ்டி ரைஸ் 1 என்று இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார்கள், கமலா நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த சம்பா மசூரியிலிருந்து வந்தது. இரண்டுமே அரசு ஆய்வு நிலையங்களில் உருவானவை, அதில் எனக்குத் தனி சந்தோஷம். அந்தத் திருத்தும் கருவிக்கான காப்புரிமை யாரிடம் இருக்கிறது, விவசாயிக்கு அதனால் என்ன செலவு வரும் என்று இப்போதே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ரகம் வயலுக்கு வருவதற்கு முன்பே பதில் சொல்லுங்கள் என்றுதான் அங்கே வேலை செய்யும் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இன்னும் படித்துக்கொண்டிருந்தால், திசு வளர்ப்போடு மரபணு மாற்றுப் பயிர்களுக்கான 1989ஆம் வருட அரசு விதிகளையும் உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள். எங்கள் கல்லூரியில் அதை ஒரு மணி நேரம்கூட நடத்தவில்லை, நான் வேலைக்குப் போய்த்தான் கற்றுக்கொண்டேன்.