எட்ஜ் கனெக்டர் ஃபுட்பிரின்ட்: கேட்டவையும் பதில்களும்

சர்க்யூட் போர்டின் விளிம்பே சாக்கெட்டில் செருகும் முனையாக இருந்தால் அது எட்ஜ் கனெக்டர். அதிலுள்ள தாமிரப் பட்டைகள் ஃபிங்கர்கள். அவற்றின் அளவும் இடமும் காட்டும் வரைபடம் ஃபுட்பிரின்ட்.

கேள்வி: பழைய கணினிகளின் ஐஎஸ்ஏ ஸ்லாட்டுக்கு 8 பிட் கார்டு வரைகிறேன். பிட்ச் (அடுத்தடுத்த ஃபிங்கர்களின் மையங்களுக்கு இடையிலான தூரம்) 2.5 மிமீ வைத்தேன். பிரின்ட் எடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு முனை சரியாக உட்காருகிறது, மறுமுனை விலகிப் போகிறது. ஏன் சார்?

பிட்ச் 2.54 மிமீ, அதாவது 0.1 அங்குலம். ஒரு பக்கத்துக்கு 31 ஃபிங்கர், நடுவில் 30 இடைவெளி. ஒவ்வொன்றிலும் 0.04 விட்டால் கடைசி ஃபிங்கர் 1.2 மிமீ தள்ளிப்போகும். கிட்டத்தட்ட பாதி பிட்ச்! 3.96 மிமீ பிட்ச் உள்ள ஜாமா கனெக்டரை (ஆர்கேட் கேம் போர்டுகளில் வருவது) 4 என்று போட்டாலும் இதே கதைதான்: 28 ஃபிங்கருக்கு 1 மிமீ. கிரிட்டை அங்குலத்துக்கு மாற்றி, நடு ஃபிங்கரிலிருந்து இரு புறமும் வரையுங்கள்.

கேள்வி: ஏ பக்கம் மேலேயா, கீழேயா?

இங்கேதான் பலருக்குப் போர்டு வீணாகிறது. ஐஎஸ்ஏவில் பாகங்கள் இருக்கும் பக்கம் ஏ. அதற்குப் பின் வந்த பிசிஐ, பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுகள் இரண்டிலும் அது பி. ஏ என்பது சால்டர் பக்கம். ஒன்றின் ஃபுட்பிரின்டைத் திருத்தி மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் பக்கம் மாறிவிடும். பிசிஐ எக்ஸ்பிரஸின் மிகச் சிறிய அளவான எக்ஸ்1 கார்டு என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: ஏ1, பி17 இரண்டும் கார்டு இருப்பதைச் சொல்லும் பின்கள். இவற்றைக் கார்டிலேயே ஒன்றோடொன்று இணைக்க வேண்டும், ஃபிங்கரும் மற்றவற்றைவிடக் குட்டையாக இருக்க வேண்டும்.

கேள்வி: எனிக் ஃபினிஷ் (நிக்கல் மேல் மெல்லிய தங்கப் பூச்சு) போதுமா அண்ணா? ஹார்ட் கோல்டு (தடித்த, கடினமான தங்க முலாம்) விலை அதிகம்.

ஒரு தடவை செருகிவிட்டு அப்படியே விடும் கார்டுக்கு எனிக் போதும். அதில் தங்கம் 0.05 முதல் 0.1 மைக்ரான்தான், அடிக்கடி கழற்றி மாட்டினால் தேய்ந்து நிக்கல் தெரியும். ஹார்ட் கோல்டு வழக்கமாக 0.76 மைக்ரான். அதை ஃபிங்கருக்கு மட்டும் கேளுங்கள். தடித்த தங்கத்தின் மேல் சால்டர் செய்தால் இணைப்பு நொறுங்கும் தன்மை பெறும். ஈயம் பூசிய ஃபினிஷ் வேண்டவே வேண்டாம், பேடுக்குப் பேடு (பேடு என்பது வெளியே தெரியும் தாமிரத் திட்டு) தடிமன் மாறும்.

கேள்வி: பெவல் (போர்டு விளிம்பைச் சாய்வாகச் சீவுவது) எவ்வளவு ஆழம்? ஃபிங்கரைப் போர்டு விளிம்புவரை இழுத்துவிடலாமா?

இழுக்காதீர்கள். கணக்கு எளிது. 1.6 மிமீ போர்டு, நுனியில் 0.5 மிச்சம் என்றால் ஒரு பக்கம் 0.55 சீவப்படும். அதைக் கோணத்தின் டேன் மதிப்பால் வகுத்தால் விளிம்பிலிருந்து பெவல் எட்டும் தூரம்: 20 டிகிரிக்கு 1.5 மிமீ, 30க்கு 0.95, 45க்கு 0.55. பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு 20 டிகிரி.

முழு அகல ஃபிங்கர் இந்தத் தூரத்துக்கு முன்பே முடிய வேண்டும். விளிம்புவரை விட்டால் கட்டர் தாமிரத்தை இழுத்துப் பிசிறாக்கும், ஃபிங்கர் நுனி உரிந்து தூக்கும். ஹார்ட் கோல்டு முலாமுக்கு ஒவ்வொரு ஃபிங்கருக்கும் மின்தொடர்பு தேவை, அதற்கு 0.2 மிமீ கோடு ஒன்றை மட்டும் விளிம்புக்கு வெளியே கொண்டுபோங்கள், பெவல் அதை அறுத்துவிடும்.

நாலு லேயர் போர்டில் உள் பிளேனையும் (உள் லேயரில் பரந்திருக்கும் தாமிரம்) விளிம்பிலிருந்து பின்வாங்குங்கள். மேற்பரப்புக்கு 0.2 மிமீ கீழே இருக்கும் தாமிரம் அந்தச் சரிவில் அப்படியே வெளியே தெரியும். சாக்கெட்டின் ஸ்பிரிங் முதலில் உரசுவது அங்கேதான். பிசிஐ எக்ஸ்பிரஸில் ஃபிங்கர்களுக்கு அடியில் முழுவதுமே பிளேனை எடுத்துவிடுவது நல்லது. அகலமான பேடும் பிளேனும் சேர்ந்து கெப்பாசிட்டர் போலாகி இம்பீடன்ஸை (வேகமான சிக்னலுக்கு வழி காட்டும் மின்தடையை) கீழே இறக்கும்.

கோணம், ஆழம், தங்கத்தின் தடிமன் எதையும் ஃபேக்டரி கெர்பரின் (போர்டு தயாரிக்க அனுப்பும் கோப்பு) தாமிர லேயரைப் பார்த்துக் கண்டுபிடிக்காது. தனி லேயரில் வரைந்து, எழுத்திலும் கொடுங்கள்.

கேள்வி: சால்டர் பேஸ்ட் தடவும் ஸ்டென்சிலில் ஃபிங்கர்களுக்கும் ஓட்டை வந்திருக்கிறது.

பேட் வகையைச் சாதாரண எஸ்எம்டி (மேற்பரப்பில் பாகம் ஒட்டும் வகை) என்று விட்டிருப்பீர்கள். போர்டு வரையும் கீகேட் மென்பொருளில் அதை எட்ஜ் கனெக்டர் என்று மாற்றினால் பேஸ்ட் லேயர் போய்விடும். அப்படியே சால்டர் மாஸ்க்கையும் (தாமிரத்தை மூடும் பாதுகாப்புப் பூச்சு) பாருங்கள்: எல்லா ஃபிங்கருக்கும் சேர்த்து விளிம்புவரை ஒரே திறப்பு. இடையில் மெல்லிய மாஸ்க் கீற்று விட்டால் உரிந்து சாக்கெட்டுக்குள் போய்ச் சேரும்.

கேள்வி: வியாவை (லேயர்களை இணைக்கும் துளை) ஃபிங்கர்களுக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்கலாம்?

மாஸ்க் திறப்பிலிருந்து குறைந்தது 1 மிமீ. பாகங்களுக்கு அது போதாது. சாக்கெட் டேட்டாஷீட்டில் கார்டு இறங்கும் ஆழத்தைப் பார்த்து, அதற்கு மேல் 2, 3 மிமீ கூட்டி விடுங்கள்.