அகலிகையோடு ஒரு மார்கழி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் பெண்கள். செங்கோட்டை பாசஞ்சரில் தினமும் திருநெல்வேலிக்கு வேலைக்கு வந்து போகிறோம். கீழக்கடையத்தில் ஒருத்தி ஏறுவாள், அம்பாசமுத்திரத்தில் நான், கல்லிடைக்குறிச்சியில் இரண்டு பேர், கடைசியாகச் சேரன்மகாதேவியில் ஒருத்தி. ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்திருப்பது அங்கிருந்து ஜங்ஷன் வரைக்கும்தான், அரைமணி நேரம்.

இந்த மார்கழி முழுக்க நம் பழைய பெரிய எழுத்துகளைச் சேர்ந்து வாசிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். வாரம் ஒரு தலைப்பு: பெண், ஊர், பசி, சாவு. பன்னிரண்டு புத்தகம் எழுதி வைத்திருக்கிறோம். குறுந்தொகை, சிலப்பதிகாரம், கம்பராமாயணத்தில் தொடங்கி புதுமைப்பித்தன், கு. அழகிரிசாமி, கி.ரா., வண்ணநிலவன் வரைக்கும் வருகிறது. பட்டியலை இத்துடன் அனுப்புகிறேன்.

இப்போது இரண்டு சிக்கல். எங்களில் ஒருத்தி எம்.ஏ. தமிழ். 'இதெல்லாம் படிச்சாச்சே, திரும்ப எதுக்கு?' என்கிறாள். இன்னொருத்தி பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் கம்பனைத் தொட்டதே இல்லை, பயப்படுகிறாள். இந்த இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் வைத்து எப்படி வாசிப்பது? பட்டியல் சரியா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

(பெயர் வேண்டாம்), அம்பாசமுத்திரம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

பட்டியலைப் பார்த்தேன். அதில் குறை சொல்ல ஒரு புத்தகம்கூட இல்லை. ஆனாலும் முக்கால்வாசியை எடுத்து வைத்துவிடுங்கள். அரைமணி நேரப் பயணத்தில் மாதத்துக்குப் பன்னிரண்டு என்றால் ஓட்டமாகத்தான் இருக்கும். பெரிய எழுத்தோடு ஓடக் கூடாது, உட்கார வேண்டும்.

உங்கள் எம்.ஏ. தோழியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு புத்தகத்தை முதல்முறை படிக்க யார் துணையும் தேவையில்லை. கதை இழுத்துக்கொண்டு போகும். திரும்பப் படிக்கும்போதுதான் துணை வேண்டும். தனியாகத் திரும்பப் படிக்கிறவர் பழைய பிரதியை எடுக்கிறார், அன்றைக்குப் பென்சிலால் கோடு போட்ட இடம் முதலில் கண்ணில் படுகிறது, அன்றைக்கு நினைத்ததையே மறுபடியும் நினைத்துவிட்டு மூடி வைக்கிறார். பக்கத்தில் இன்னொருத்தி இருந்தால், நீங்கள் கோடு போடாமல் தாண்டிப் போன வரியில் அவள் நின்றுவிடுவாள். 'இது என்ன, இப்படிச் சொல்லுதாரு?' என்பாள். உங்களுக்குப் பதில் தெரியாது. அங்கேதான் மறுவாசிப்பு தொடங்குகிறது. அதனால் கம்பனைத் தொடாத அந்தத் தோழியால் உங்கள் கூட்டத்துக்குத்தான் லாபம். அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், பயம் போய்விடும்.

தெரிந்த கதையைத் திரும்பக் கேட்கக் கூட்டம் கூடுவது நம் சீமைக்குப் புதிதா? கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்க உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் சுடலைமாடன் கதை தெரியும். தெரிந்துதான் விடிய விடிய முழித்திருக்கிறார்கள். கதை எங்கே போகும் என்ற கவலை இல்லாததால் இந்தப் புலவர் இந்த இடத்தை எப்படிக் கட்டுகிறார் என்று கவனிக்க முடிகிறது. ஆழ்வார்திருநகரியில் மார்கழி இராப்பத்து உற்சவத்தில் தினம் ஒரு பத்தாகத் திருவாய்மொழி ஓதப்படும்போது, மனப்பாடமாகத் தெரிந்தவர்களும் நின்று கேட்கிறார்கள். உங்கள் மாதத்துக்கு மார்கழியைத் தேர்ந்தெடுத்ததும் அந்த வகையில் பொருத்தம்தான்.

சரி, தலைப்பு. 'பெண்' என்பது தலைப்பே அல்ல. அதற்குள் எதை வேண்டுமானாலும் போடலாம், அதனால் எதுவும் ஒன்றோடொன்று பேசாது. ஒரே ஒரு பெண்ணை எடுங்கள் என்பேன். அகலிகை. கோதம முனிவனின் மனைவி, சாபத்தால் கல்லாகி ராமன் காலடி பட்டு எழுந்தவள். மாதம் முழுக்க அவள் போதும்.

ஏன் அவள் என்றால், நம் மொழியின் இரண்டு பெரிய கலைஞர்கள் அவளிடம் வந்து திணறி நிற்கிறார்கள். கம்பன் ஒருவன். இன்னொருவர் புதுமைப்பித்தன், திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்தவர். அவர் அகலிகையை இரண்டு தடவை எழுதினார். 1934-இல் 'அகல்யை', 1943-இல் 'சாப விமோசனம்'. இடையில் ஒன்பது வருஷம். ஒரு எழுத்தாளர் தான் எழுதி முடித்த கதைக்குத் திரும்பி வந்து, முன்பு கொடுத்த தீர்ப்பைத் தானே புரட்டிப் போடுகிறார். மறுவாசிப்புக்கு இதைவிட நல்ல பாடம் நமக்கு எங்கே கிடைக்கும்?

'அகல்யை'யிலிருந்து தொடங்குங்கள். சின்னக் கதை, சேரன்மகாதேவி தாண்டியதும் ஆரம்பித்தால் ஜங்ஷன் வருவதற்குள் வாசித்துவிடலாம். அதில் கோதமன் சபிப்பதில்லை. மனம் சுத்தமாக இருந்தால் அதுதான் கற்பு, உடலுக்கு நேர்ந்ததற்கு அவள் என்ன செய்வாள் என்று அவனுக்குத் தெளிவு பிறக்கிறது. படிக்கிற நமக்கும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் கம்பன். பால காண்டத்தில் அகலிகைப் படலம். அதில் அகலிகை பற்றி வரும் பாடல்கள் கொஞ்சம்தான், அதை மட்டும் எடுத்தால் போதும். எல்லாருக்கும் தெரிந்த 'கைவண்ணம் அங்குக் கண்டேன், கால்வண்ணம் இங்குக் கண்டேன்' இங்கேதான் வருகிறது. மேடைகளில் கேட்டுக் கேட்டு அது நமக்குப் பழகிவிட்டது. நீங்கள் நிற்க வேண்டியது வேறு இரண்டு இடங்களில். இந்திரன் கோதமன் உருவத்தில் வந்து அவளோடு இருக்கும்போது, அவளுக்கு வந்தவன் யார் என்று தெரிந்துவிடுகிறது. கம்பன் சொல்கிறான்:

'உணர்ந்தனள், உணர்ந்த பின்னும்,
தக்கது அன்று என்ன ஓராள்.'

ஒளிவு மறைவே இல்லை. தெரிந்தது, தெரிந்த பிறகும் இது தகாது என்று அவள் எண்ணவில்லை. அப்புறம் சில பாடல்கள் தள்ளி, கல் பெண்ணாகி எழுந்து, அவளைக் கோதமனிடம் சேர்க்கிற இடம். அங்கே சொல்லப்படுவது:

'நெஞ்சினால் பிழைப்பு இலாளை நீ அழைத்திடுக.'

நெஞ்சால் தவறு செய்யாதவளாம். இரண்டையும் ஒரே கவிதான் எழுதியிருக்கிறான், ஒரே படலத்தில். எப்படிச் சேரும்? கம்பன் மறந்துவிட்டான் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உரைகாரர்கள் பலவிதமாகச் சமாதானம் சொல்வார்கள். தயவுசெய்து முதல் இரண்டு நாள் உரையைப் பார்க்காதீர்கள். இந்த இரண்டு இடத்தையும் ஒருவர் மாற்றி ஒருவர் வாய்விட்டு வாசியுங்கள், விவாதம் தானாக வரும். என் எண்ணம், கம்பன் இங்கே தீர்ப்பைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு, மன்னிக்கிற பெருமையை வேறொருவர் வாயில் வைக்கிறான். இதை உங்கள் பெட்டியில் யாராவது மறுத்தால் எனக்குச் சந்தோஷமே.

வாய்விட்டு வாசிப்பது முக்கியம் என்று சொல்வதற்கு நம் ஊரிலேயே முன்னோடி உண்டு. ஜங்ஷனில் இறங்கி சுலோச்சன முதலியார் பாலம் தாண்டினால் வண்ணாரப்பேட்டை. கம்பனைக் கொண்டாடிய ரசிகமணி டி.கே.சி.யின் இலக்கியக் கூட்டமான வட்டத்தொட்டி அங்கேதான் கூடியது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் உட்கார்ந்து, ஒரு பாட்டை எடுத்தால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவைப்பார்கள். எத்தனை பாட்டு முடித்தோம் என்ற கணக்கே கிடையாது. பிடிக்காத பாடல்களை இடைச்செருகல் என்று டி.கே.சி. ஒதுக்கித் தள்ளியது எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரு கவி சறுக்குகிற இடமும், நமக்கு எட்டாத இடமும் அவனுடையதாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு பாட்டோடு ஒரு மாலையைக் கழிக்கலாம் என்று காட்டியவர் அவர். அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாரம் யுத்த காண்டத்தில் மீட்சிப் படலம், சீதை தீக்குளிக்கும் பகுதி. இது கஷ்டமான வாரம். ராமன் பேசுகிற பேச்சு அப்படி. அரக்கன் ஊரில் சாப்பாட்டை ருசித்துக்கொண்டு உயிரோடு இருந்தாயே என்கிறான். அதுவரை அவனோடு வந்த வாசகர்கள் அங்கே தடுக்கி விழுவார்கள். விழட்டும், தாண்டி ஓட வேண்டாம். சீதையின் கற்பின் தீயில் நெருப்பே தீய்ந்து போகிறது என்று கம்பன் பாடுகிறான். அந்தப் பாட்டின் வேகம் வேறு எங்கும் கிடைக்காது. இந்தக் காட்சி மனசில் சூடாக இருக்கும்போதே 'சாப விமோசனம்' வாசிக்க வேண்டும்.

ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிபடாமல் போகலாம், பிடிக்காமலும் போகலாம், அதைப்பற்றிக் கவலையில்லை என்ற தோரணையில் ஒரு குறிப்பு போட்டுவிட்டுத்தான் புதுமைப்பித்தன் அந்தக் கதையைத் தொடங்குகிறார். கல்லாயிருந்தவள் பெண்ணாகிவிட்டாள், கணவனும் ஏற்றுக்கொண்டான். அதற்கு அப்புறம் எப்படி வாழ்வது? அதுதான் கதை. பேச்சில் ஒரு கூச்சம், யார் பார்த்தாலும் ஒரு நடுக்கம், எதற்கெடுத்தாலும் பயம். கடைசியில் வனவாசம் முடிந்து வந்த சீதை, தான் தீக்குளித்ததைச் சாதாரணமாகச் சொல்கிறாள். அகலிகைக்குத் தாங்கவில்லை. தன்னை எழுப்பியவனா அப்படிக் கேட்டான்? அவள் திரும்பவும் கல்லாகிவிடுகிறாள். 1934-இல் போதுமாக இருந்த 'மனத்தூய்மை' ஒன்பது வருஷத்தில் போதாமல் போய்விட்டது. மனத்தூய்மையை மற்றவருக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று வந்துவிட்டால் அதற்கு என்ன மதிப்பு என்று அவர் கேட்பதாக நான் படிக்கிறேன்.

நான்காவது வாரம் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். முதல் நாள் வாசித்த 'அகல்யை'யை மறுபடி எடுங்கள். குறித்து வைத்த நிம்மதி இப்போதும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர்கள் இருந்தால் அரையாண்டு விடுமுறையில் ரயிலுக்கு வரமாட்டார்கள், அதனால் இந்த வாரத்தைப் பொங்கலுக்கு முந்தின நாட்களில் வைப்பது நல்லது.

பிரதி வாங்க அலைய வேண்டாம். புதுமைப்பித்தன் எழுத்து நாட்டுடைமையானது, இணையத்தில் மதுரைத் திட்டம் என்ற மின்னூலகத்தில் கிடைக்கும். கம்பன் உரையோடு தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இருக்கிறது. ஆனால் ஓடுகிற ரயிலில் ஐந்து பேர் ஐந்து போனைப் பார்த்தால் ஐந்து தனி வாசிப்பாகிவிடும். பெரிய எழுத்தில் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து நடுவில் வையுங்கள். எம்.ஏ. தோழியும் தன் பழைய புத்தகத்தைக் கொண்டுவராமல் இந்தக் கோடில்லாத தாளிலேயே வாசிக்கட்டும். சத்தமாக வாசிக்கிற வேலையை அவருக்கே கொடுங்கள், அவருக்குப் பதம் பிரிக்கத் தெரியும். கருத்துச் சொல்வதில் மட்டும் அவர் கடைசி ஆளாக இருக்கட்டும். படித்தவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

மற்ற தலைப்புகள் எங்கும் போய்விடாது. 'ஊர்' என்றால் 'ரெயினீஸ் ஐயர் தெரு' ஒன்றே ஒரு மாதத்துக்குப் போதும். பாளையங்கோட்டையில் ஒரு சின்னத் தெருவுக்குள்ளேயே முழு உலகத்தையும் வண்ணநிலவன் காட்டிவிட்டார். 'பசி'க்கு அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையிலிருந்து தொடங்கலாம். சித்திரைக்கு மேல் எழுதுங்கள், பேசுவோம்.

அதற்கு முன்னால் ஒன்று எழுதி அனுப்ப வேண்டும். கம்பனின் அந்த இரண்டு இடங்களில், 'தக்கது அன்று என்ன ஓராள்' பக்கம் யார் நின்றீர்கள், 'நெஞ்சினால் பிழைப்பு இலாள்' பக்கம் யார்? மாதக் கடைசியில் யாராவது பக்கம் மாறினார்களா? எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

அன்புடன்,
அண்ணாச்சி